காதில் ஒரு கம்ப்ரெஸ்ஸர்: ஆறு மாதம் மாட்டிப் பார்த்த ஹியரிங் எய்ட்

ரெக்கார்டிங் ஸ்டுடியோவில் 31 வருடம் மிக்ஸர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவன் நான். அந்தக் காதுக்கே மெஷின் மாட்டும்படி ஆகிவிட்டதே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. போன வாரத்தோடு ஆறு மாதம் முடிந்தது. வாங்கும் முன் நான் தேடிப் படித்த விமர்சனங்கள் எல்லாம் பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது, ஆப் எப்படி இருக்கிறது என்பதோடு முடிந்துவிட்டன. காதுக்குள் அது என்ன செய்கிறது என்று யாரும் வாய் திறக்கவில்லை. சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

மாடல் பெயரைச் சொல்லப் போவதில்லை. காதுக்குப் பின்னால் உட்காரும் சின்ன டப்பா, அதிலிருந்து நூல் மாதிரி ஒரு வயர், வயர் முனையில் காதுக்குள் போகிற குட்டி ஸ்பீக்கர். 16 சேனல் (சத்தத்தைச் சுருதிவாரியாக 16 பட்டைகளாகப் பிரித்துக்கொள்ளும்), இரண்டு மைக். இன்று பல கம்பெனிகள் விற்கிற வகைதான். வேறு பெயர் போட்ட டப்பாவை நீங்கள் வாங்கினாலும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

மெஷின் வாங்குவதற்கு முன் வீட்டில் தினமும் நடந்த நாடகத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பேத்தி ஏதோ சொல்வாள். “என்னம்மா?” என்பேன். மறுபடி சொல்வாள். “என்னது?” என்பேன். மூன்றாம் முறை அவள் சொன்னதும், “ஏன்டி இப்படிக் கத்துற?” என்று எரிந்து விழுவேன். அவள் முகம் சுருங்கிப் போகும். உண்மையில் அவள் கத்தவே இல்லை. இரண்டாம் முறையைவிடக் கொஞ்சம் உரக்கச் சொன்னாள், அவ்வளவுதான். அவளுக்கு அது ஒரு படி. எனக்கு அது மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்தது.

காது மந்தம் என்றால் எல்லாச் சத்தமும் ஒரே அளவுக்குக் குறைந்து கேட்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மொத்தச் சத்தத்தையும் கூட்டிக் குறைக்கும் மாஸ்டர் ஃபேடரைக் கீழே இறக்கிய மாதிரி இருக்கும் என்று. ஆடியோகிராம் (எந்தச் சுருதியில் எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தபோதுதான் கதை வேறு என்று புரிந்தது. இடது காதில் 4000 ஹெர்ட்ஸில் 60 டெசிபலுக்குக் கீழே எனக்கு ஒன்றுமே கேட்கவில்லை. ஆனால் “இதற்கு மேல் தாங்காது, நிறுத்துங்கள்” என்று நான் கையைத் தூக்கியது 100 டெசிபலில். நல்ல காது உள்ளவரும் கிட்டத்தட்ட அங்கேதான் கை தூக்குவார். அதாவது என் வீட்டில் தரையை மட்டும் உயர்த்திவிட்டார்கள், கூரை இருந்த இடத்திலேயே இருக்கிறது. 100 டெசிபல் உயரத்தில் இருந்த அறை 40 டெசிபல் உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள்தான் இனிமேல் குசுகுசுப்பு, பேச்சு, கதவு அறைகிற சத்தம் எல்லாம் நிற்க வேண்டும். இதற்கு ரெக்ரூட்மென்ட் என்று பெயர். 1930களிலேயே எட்மண்ட் ஃபௌலர் என்ற காது மருத்துவர் இதைப் பற்றி எழுதிவிட்டார்.

ஒரு ஹியரிங் எய்டை எதை வைத்து எடைபோடுவது என்பதே இந்த இடத்தில்தான் இருக்கிறது. சத்தத்தைப் பெரிதாக்கும் வேலையை எந்த ஆம்ப்ளிஃபயரும் செய்துவிடும். எனக்குத் தொலைந்து போனது மெல்லிய சத்தத்துக்கும் உரத்த சத்தத்துக்கும் நடுவே இருந்த படிகள். அவற்றில் எத்தனையை இந்த டப்பா திருப்பித் தருகிறது?

அதைச் சொல்ல, படிகளை முதலில் கட்டியது யார் என்று பார்க்க வேண்டும். ஸ்டுடியோக்காரனுக்கு இது ரொம்பப் பிடித்துப்போகிற கதை.

1926இல் கேம்பிரிட்ஜில் எட்கர் ஏட்ரியனும் ஸொட்டர்மானும் தவளையின் தசையை எடை தொங்கவிட்டு இழுத்து, அதிலிருந்து வரும் ஒரே ஒரு நரம்பிழையின் மின் துடிப்பைப் பதிவு செய்தார்கள். எடை கூடினால் துடிப்பு பெரிதாகும் என்றுதான் நம் புத்திக்குத் தோன்றும், மீட்டர் முள் மேலே ஏறுவது மாதிரி. அப்படி நடக்கவில்லை. ஒவ்வொரு துடிப்பும் அச்சில் வார்த்தது போல ஒரே அளவு. எடை கூடக் கூட, ஒரு நொடிக்கு வரும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடியது. எடையை அப்படியே விட்டுவைத்தால் எண்ணிக்கை மெல்லத் தளர்ந்தது. 1932இல் ஷெரிங்டனோடு சேர்த்து ஏட்ரியனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் துடிப்புகளை ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிற ஆள். ஒரு முறை இருட்டறையில் தேரையின் பார்வை நரம்பில் மின்முனை வைத்திருந்தபோது, ஸ்பீக்கரில் சம்பந்தமே இல்லாமல் கரகரவென்று சத்தம் வந்துகொண்டே இருந்ததாம். எங்கேயோ வயர் லூஸ் என்று நினைத்திருப்பார் மனுஷன், நானாக இருந்தால் அதைத்தான் நினைத்திருப்பேன். கடைசியில் பார்த்தால், அறைக்குள் அவர் நடமாடும்போதெல்லாம்தான் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. தேரை அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

சரி, காதுக்கு வருவோம். நல்ல காது 0 முதல் 120 டெசிபல் வரை கையாளும். ஆற்றல் கணக்கில் அது லட்சம் கோடி மடங்கு வித்தியாசம். ஒரு செவி நரம்பிழையால் என்ன முடியும்? எந்தச் சத்தமும் இல்லாதபோதே சில இழைகள் சும்மா நொடிக்கு 60, 70 முறை துடித்துக்கொண்டிருக்கும். உச்சத்தில் 200, 300. ஒரு துடிப்புக்கு அப்புறம் கிட்டத்தட்ட ஒரு மில்லி நொடியாவது ஓய்வு தேவை என்பதால் இஷ்டத்துக்கு ஓட முடியாது. 60க்கும் 300க்கும் நடுவே இருப்பது ஐந்து மடங்குதான். லட்சம் கோடியை ஐந்துக்குள் எப்படி அடைப்பது? என்னிடம் அப்படி ஒரு மைக் கொடுத்து ஒரு பெரிய வாத்தியக் குழுவைப் பதிவு செய்யச் சொல்லியிருந்தால் அன்றைக்கே ராஜினாமா கொடுத்திருப்பேன்.

காது இரண்டு தந்திரம் வைத்திருக்கிறது. ஒன்று, ஆள் பிரித்து வேலை கொடுப்பது. உள்காதில் ஒலியை நரம்புக்கு மாற்றும் உள்மயிர்ச்செல்கள் சுமார் 3500. அவற்றிலிருந்து கிளம்பும் நரம்பிழைகள் சுமார் 30,000. ஒரே செல்லில் எட்டு, பத்து இழைகள் தொற்றிக்கொண்டிருக்கும், ஆனால் எல்லாம் ஒரே குணம் கிடையாது. 1978இல் சார்லஸ் லிபர்மன் பூனையின் செவி நரம்பில் இதைத் தெளிவாகக் காட்டினார். சும்மாவே நிறையத் துடிக்கும் இழைகள் மெல்லிய சத்தத்துக்கே விழித்துக்கொள்ளும், ஆனால் 20, 30 டெசிபல் ஏறியதும் உச்சத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். சும்மா இருக்கும்போது அமைதியாக இருக்கும் இழைகளோ லேசில் அசையாது. சத்தம் நன்றாக ஏறிய பிறகுதான் வேலைக்கு வரும், ஆனால் உயரம் வரைக்கும் தாங்கும். முதல் குழு கிளிப் ஆகிற, அதாவது உச்சத்தில் முட்டி நிற்கிற நேரத்தில் அடுத்த குழு மீட்டரில் தலைகாட்டுகிறது. இன்னும் உரக்கப் போனால் பக்கத்து அலைவரிசை இழைகளும் சேர்ந்துகொள்ளும். ஆக, மூளைக்குச் சத்தத்தின் அளவைச் சொல்வது தனி இழை எதுவும் இல்லை. எத்தனை இழைகள், எந்தெந்தக் குழு, என்ன வேகத்தில் என்கிற மொத்தக் கூட்டம்தான் சொல்கிறது.

மூக்கிலும் கண்ணிலும் இதே மாதிரிதான் நடக்கிறது. கண்ணில் ஒரே ஒரு ஒளித்துகளுக்குக்கூடப் பதில் சொல்லும் கோல் செல்கள் வெளிச்சத்தில் கண்கூசிக் கிடக்கும்போது, கூம்பு செல்கள் வேலையை எடுத்துக்கொள்ளும். அதற்குள் போனால் விமர்சனம் முடியாது.

இரண்டாம் தந்திரம்தான் இந்த மெஷினோடு நேராகச் சம்பந்தப்பட்டது. உள்மயிர்ச்செல்களுக்குப் பக்கத்தில் மூன்று வரிசையாகச் சுமார் 12,000 வெளிமயிர்ச்செல்கள் நிற்கின்றன. இவை தகவல் அனுப்புவதைவிட ஆடுவதில்தான் கெட்டி. மெல்லிய சத்தம் வந்தால் நீண்டு சுருங்கி, அதிர்வை 40, 50 டெசிபல் தூக்கிவிடும். உரத்த சத்தம் வந்தால் தூக்காது, கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். விளைவு என்னவென்றால், நடுத்தர அளவுகளில் வெளியே 10 டெசிபல் கூடினால் உள்காதுச் சவ்வில் இரண்டு, மூன்று டெசிபல்தான் கூடும். எங்கள் பாஷையில் 4க்கு 1 கம்ப்ரெஷன். சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்கும் கருவியைத்தான் கம்ப்ரெஸ்ஸர் என்போம். இதுவோ அட்டாக் டைமே இல்லாத, அதாவது வேலையைத் தொடங்கத் தாமதமே இல்லாத கம்ப்ரெஸ்ஸர். நரம்பிழைகளுக்குப் போகும் முன்பே லட்சம் கோடியைச் சுருக்கித் தந்துவிடுகிறது. 31 வருடம் ரேக்கில் விதவிதமான கம்ப்ரெஸ்ஸர்களை அடுக்கி வைத்துப் பெருமைப்பட்டவன் நான், அத்தனையிலும் உசத்தி என் மண்டைக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஹெட்போனில் ஓவர்டைம் பார்த்து முதலில் கொன்றதும் அதைத்தான்.

வெளிமயிர்ச்செல் போனால் தூக்கிவிட ஆள் இல்லை, அதனால் மெல்லிய சத்தம் கேட்காது. சுருக்கவும் ஆள் இல்லை, அதனால் கேட்க ஆரம்பித்த சத்தம் கிடுகிடுவென ஏறும். பேத்தியின் முகம் சுருங்கியதற்குக் காரணம் அதுதான்.

இப்போது மெஷின். இந்த டப்பாவின் அடிப்படை வேலை, செத்துப்போன அந்த கம்ப்ரெஸ்ஸருக்குப் பதிலாக நிற்பது. வெளியே 50 டெசிபல் வந்தால் 30 கூட்டி 80 ஆக்குகிறது. 80 வந்தால் 15 மட்டும் கூட்டி 95. முப்பது டெசிபல் ஏற்றத்தைப் பதினைந்தில் அடைக்கிறது. 16 சேனலிலும் தனித்தனியாக, ஆடியோகிராமுக்கு ஏற்ற மாதிரி. காகிதத்தில் அருமையான யோசனை.

காதில் மாட்டியதும்? முதல் நாள் மாலை மனைவி செய்தித்தாளை மடித்தாள். யாரோ தகரக் கூரையில் சரளைக்கல் கொட்டுவது மாதிரி இருந்தது. குழாயைத் திறந்தால் அருவி. என் குரல் பானைக்குள் தலையை விட்டுப் பேசுகிற மாதிரி எனக்கே கேட்டது. பேத்தி மெதுவாகப் பேசியது கேட்டது, சந்தோஷம். ஆனால் அவள் சிரித்தபோது பழையபடி துள்ளி விழுந்தேன். படிகள் வரவில்லை, தரை மட்டும் கொஞ்சம் கீழே இறங்கியிருந்தது.

கடையில் சொன்ன பதில், “பழகிடும் சார், மூணு மாசம் ஆகும்.” அந்தக் கடையின் பெயர் வேண்டாம். பழகும் என்பது பொய்யில்லை, மூளை மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்ளும்தான். ஆனால் தப்பாக செட் செய்த கம்ப்ரெஸ்ஸரைக் கேட்டுப் பழகிக்கொள் என்று என்னிடம் யாராவது ஸ்டுடியோவில் சொல்லியிருந்தால் கதவைக் காட்டியிருப்பேன்.

அதனால் வீட்டிலேயே ஒரு சோதனை. பழைய மானிட்டர் ஸ்பீக்கரை ஒரு மீட்டர் தூரத்தில் வைத்து, 4000 ஹெர்ட்ஸைச் சுற்றிய இரைச்சல் ஒன்றை ஓடவிட்டேன். உட்காரும் இடத்தில் சவுண்ட் லெவல் மீட்டர். ஃபேடர் பக்கத்தில் மனைவி. 40 முதல் 95 டெசிபல் வரை ஐந்தைந்தாகப் பன்னிரண்டு அளவுகள், கலைத்துப் போட்டு, எனக்குத் தெரியாத வரிசையில். ஒவ்வொன்றுக்கும் நான் 0 முதல் 10 வரை மார்க் போட வேண்டும். 0 என்றால் கேட்கவே இல்லை, 10 என்றால் போதும் நிறுத்து. விஞ்ஞானம் இல்லை, வீட்டு வேலைதான். மனைவி பாவம், மூன்று முறை முழுசாகச் செய்தாள்.

மெஷின் இல்லாமல் இடது காது: 60 வரை முழுக்க பூஜ்யம். 65க்கு 2 கொடுத்திருக்கிறேன். 75க்கு 5. 85க்கு 8. 95க்கு 10. முப்பது டெசிபலுக்குள் மொத்த நாடகமும் முடிந்துவிட்டது.

முதல் செட்டிங்கோடு: 45இலேயே 3. கேட்கிறது, நல்லது. 60க்கு 6. 75க்கு 9. 85இல் கையைத் தூக்கிவிட்டேன். மார்க்குகளை வரைபடமாகப் போட்டால், கோடு அப்படியே இடது பக்கம் நகர்ந்திருந்தது, சாய்வு பெரிதாக மாறவில்லை. அதாவது கம்ப்ரெஷன் என்று சொல்லிக்கொண்டு, என் காதுக்குள் அது பெரும்பாலும் வெறும் வால்யூம் கூட்டலாகத்தான் வந்து சேர்ந்திருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு வேறொரு ஆடியாலஜிஸ்டிடம் (கேட்கும் திறனைச் சோதித்து மெஷினை செட் செய்பவர்) போனேன். சின்னப் பெண். தாளைப் பார்த்துவிட்டு, “இதை யார் சார் பண்ணாங்க?” என்று கேட்டார். “நான்தாம்மா, என் வீட்டம்மா ஃபேடர் தள்ளினாங்க” என்றேன். சிரித்துவிட்டு, “உங்க காதுக்குள்ள என்ன போகுதுன்னு யாராவது அளந்தாங்களா?” என்று கேட்டார். யாரும் அளக்கவில்லை. முதல் இடத்தில் ஆடியோகிராமை கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு பட்டனைத் தட்டி, காதில் மாட்டி அனுப்பிவிட்டார்கள்.

இவர் செய்தது ரியல் இயர் மெஷர்மென்ட். மெல்லிய ரப்பர் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குக் கிட்டே வரை விட்டு, அதன் மேலேயே மெஷினையும் மாட்டி, பேச்சு மாதிரியான சத்தத்தை மெதுவாக, சாதாரணமாக, உரக்க என்று மூன்று அளவில் ஓடவிட்டார். காதுக்குள் உண்மையில் என்ன அளவு வந்து சேர்கிறது என்று திரையில் கோடாகத் தெரிந்தது. காதுக் குழாயின் நீளமும் அகலமும் ஆளுக்கு ஆள் வேறு. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த சராசரிக் காது என்னுடையது இல்லை என்று திரையே சொல்லியது. மேல் அலைவரிசைகளில் உரத்த சத்தம் தேவைக்கு மேல் எட்டு டெசிபல் எகிறிக்கொண்டிருந்தது. அதைக் கீழே இழுத்து, கம்ப்ரெஷனை மூன்றுக்கு ஒன்று அருகே கொண்டுவந்தார். இருபது நிமிட வேலை. உங்களுக்கு நான் ஒரே ஒரு யோசனை சொல்ல முடியும் என்றால் இதுதான்: இந்தக் குழாயைக் காதில் விடாமல் செட் செய்து கொடுக்கிற இடத்தில் எந்த மெஷினும் வாங்காதீர்கள்.

மறுபடி ஃபேடர் சோதனை. 45க்கு 1. 55க்கு 3. 65க்கு 4. 75க்கு 6. 85க்கு 8. 95க்கு 9. நான் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மனைவி “என்ன, சரியா இருக்கா?” என்றாள். சாதாரணக் குரலில் கேட்டாள், சாதாரணமாகவே கேட்டது.

இத்தோடு முடித்திருந்தால் ஐந்துக்கு ஐந்து கொடுத்திருப்பேன். ஆனால் கூட்டம் என்று ஒன்று இருக்கிறதே.

பத்துப் பேர் பேசும் அறைக்குள் போனால் மெஷின் கையைப் பிசைகிறது. காரணம் ரிலீஸ் டைம், உரத்த சத்தம் ஓய்ந்த பிறகு கம்ப்ரெஸ்ஸர் தன் பிடியை விட எடுத்துக்கொள்ளும் நேரம். கம்ப்ரெஸ்ஸர் வேகமாக விட்டுக்கொடுத்தால், பேச்சில் வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே உள்ள சின்ன இடைவெளியில் பின்னணி இரைச்சல் குபுக்கென்று மேலே வரும். ஸ்டுடியோவில் இதை பம்பிங் என்போம். மெதுவாக விட்டுக்கொடுத்தால், பக்கத்தில் ஒருவர் பலமாகச் சிரித்த பிறகு எதிரில் இருப்பவர் சொன்ன நாலு வார்த்தை பள்ளத்தில் விழுந்துவிடும். இந்த மாடல் மெதுவான ரகம். எனக்கு இது பரவாயில்லை, ஆனால் பேச்சின் வேகத்துக்குப் பலருக்கு ஒத்துவராமல் போகலாம்.

நல்ல காதும் மூளையும் கூட்டத்தை எப்படிச் சமாளிக்கின்றன என்று தேடினால் பொறாமைதான் வருகிறது. 2005இல் டீன், ஹார்ப்பர், மெக்கல்பைன் மூவரும் கினிப்பன்றியின் நடுமூளையில் ஒரு பரிசோதனை செய்தார்கள். சத்தத்தின் அளவைச் சட்டுச்சட்டென்று மாற்றிக்கொண்டே இருந்தார்கள், ஆனால் பெரும்பாலான நேரம் ஒரு குறிப்பிட்ட வட்டத்துக்குள் வைத்தார்கள். அங்கிருந்த நியூரான்கள், சத்தம் ஏற ஏறத் தங்கள் துடிப்பு ஏறுகிற எல்லையையே அந்த வட்டத்தை நோக்கி நகர்த்திக்கொண்டன. இப்போது எந்த அளவு அடிக்கடி வருகிறதோ அந்த அளவுக்குப் பக்கத்தில் கூட்டமாகப் படிகளைக் கட்டுகின்றன, அரிதாக வரும் அளவுகளுக்குப் படிகளைச் சிக்கனம் பிடிக்கின்றன. அமைதியான அறையில் ஒரு அளவுகோல், இரைச்சலில் வேறொன்று, மாற்றிக்கொள்ளச் சில நொடிகூடத் தேவையில்லை. நான் ஆப்பைத் திறந்து “கூட்டம்” புரோகிராமைத் தேடித் தொடுவதற்குள் பேச்சே வேறு விஷயத்துக்குப் போய்விடுகிறது.

மெஷின் தானாகவே இதைச் செய்யப் பார்க்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. இரண்டு மைக்கையும் வைத்து முன்பக்கத்தைத் தூக்கி, பின்பக்கத்தை அமுக்குகிறது. எதிரில் ஒருவர் என்றால் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் மேசையைச் சுற்றி ஆறு பேர் என்றால் அடுத்து யார் வாய் திறப்பார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

இன்னொரு குறை மெஷினுடையது இல்லை. 2009இல் குஜாவாவும் லிபர்மனும் எலிகளுக்கு 100 டெசிபல் இரைச்சலை இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். சில வாரத்தில் கேட்கும் திறன் பழையபடி திரும்பிவிட்டது, சோதனையில் எல்லாம் நார்மல். ஆனால் உள்ளே பார்த்தால், மேல் அலைவரிசைப் பகுதியில் மயிர்ச்செல்லுக்கும் நரம்பிழைக்கும் இடையிலான இணைப்புகளில் கிட்டத்தட்டப் பாதி காணோம். பின்னால் கினிப்பன்றிகளில் பார்த்தபோது, முதலில் போவது அந்த அமைதியான இழைகள்தான் என்று தெரிந்தது, உரத்த சத்தத்துக்கு என்று வைத்திருந்தவை. மெல்லிய சத்தத்தை மட்டும் சோதிக்கும் ஆடியோகிராமில் அவற்றின் இழப்பு தெரியவே தெரியாது. மனிதருக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒத்த கருத்து இல்லை. என் வரைக்கும் ஒரு சந்தேகம் இருக்கிறது. எனக்கு வலது காது ஆடியோகிராமில் கிட்டத்தட்ட நல்ல காது. ஆனால் கூட்டத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் திணறுகின்றன. இழை போயிருந்தால் கம்ப்ரெஸ்ஸரை எவ்வளவு திருகினாலும் வராது. கேபிளே இல்லாத சேனலின் ஃபேடரை ஏற்றுகிற கதைதான்.

அப்புறம் விசில். இதைப் பற்றிப் புகார் எழுதத்தான் ஆரம்பித்தேன். எழுதுவதற்குள் எனக்கு அது பிடித்துப்போய்விட்டது.

உள்ளங்கையைக் காதருகே குவித்துக் கொண்டுபோனால் இந்த மெஷின் கீச்சென்று கத்தும். ஸ்பீக்கரிலிருந்து கசியும் சத்தம் மைக்கில் விழுந்து, மறுபடி பெரிதாகி, மறுபடி விழுந்து... மேடையில் மைக்கோடு ஸ்பீக்கர் முன்னால் நடந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஃபீட்பேக். அதை அடக்க ஒரு சர்க்யூட் இருக்கிறது, முக்கால்வாசி நேரம் அடக்கிவிடுகிறது. பேத்தி கழுத்தைக் கட்டிக்கொண்டால் மட்டும் கத்துகிறது. “தாத்தா காதுல குருவி” என்பாள்.

விஷயம் என்னவென்றால், விசில் அடிக்கப்போகிற அந்த விளிம்பில்தான் எந்த மைக்கும் மெல்லிய சத்தத்தை அதிகமாகத் தூக்கும். கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காதுக்குக் கிட்டே கொண்டுபோங்கள், விசிலுக்குச் சற்று முன்னால் அறையே திடீரென்று கண்ணாடி மாதிரி மின்னும். 1948இல் தாமஸ் கோல்ட் என்ற இளைஞர், காதும் இப்படி விளிம்பில்தான் வேலை செய்ய வேண்டும், உள்ளே ஒரு பெருக்கி இருக்கிறது என்று எழுதினார். காது தானாகவே சத்தம் போட வாய்ப்புண்டு என்று காட்டும் வாதம் அது. யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்தக் காலத்தில் உள்காது ஆராய்ச்சி என்றால் பெகெஷி, அவர் பார்த்ததோ இறந்தவர்களின் காதுகளை. இறந்த காதில் வெளிமயிர்ச்செல் ஆடாதே! 1978இல் டேவிட் கெம்ப் காதுக்குள் மைக்கை வைத்து, உயிருள்ள காது பதில் சத்தம் தருவதைப் பதிவு செய்த பிறகுதான் கோல்ட் சொன்னதை எல்லோரும் தேடிப் படித்தார்கள். பிறந்த குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இன்று சோதிக்கும் முறைகளில் ஒன்று அந்தப் பதில் சத்தத்தை வைத்துத்தான்.

நியூரான் கூட்டத்துக்கும் அதே விளிம்பு ஒன்று உண்டு என்கிறார்கள். 2006இல் பிரேசில் இயற்பியலாளர்கள் கினோச்சியும் கொபெல்லியும் கணக்குப் போட்டுக் காட்டியது இது. துடித்த ஒரு செல் தன் அண்டை செல்களில் சராசரியாக ஒன்றைத் துடிக்க வைக்கிறது என்று வையுங்கள். ஒன்றுக்குக் குறைந்தால் மெல்லிய தூண்டல் வழியிலேயே செத்துவிடும். ஒன்றுக்கு மேல் போனால் தூண்டலே இல்லாமலும் கூட்டம் முழுக்கத் தானாகக் கத்திக்கொண்டிருக்கும், விசில்தான். சரியாக ஒன்றில் நிற்கும்போது, தனிச் செல்லுக்கு இருக்கும் குறுகிய எல்லையைவிடக் கூட்டத்தின் எல்லை மிகவும் விரிகிறது. மெல்லியதும் கேட்கும், பெரியதும் கிளிப் ஆகாது. 31 வருடம் மேடையிலும் ஸ்டுடியோவிலும் விசிலுக்கு ஒரு முடி கீழே ஃபேடரை நிறுத்துவதைத்தான் நான் வேலையாகச் செய்தேன்.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். சார்ஜ் காலை முதல் இரவு வரை தாராளமாக நிற்கிறது. ஆப் அடிக்கடி இணைப்பை விட்டுவிட்டு முழிக்கிறது, நான் இப்போது டப்பாவில் இருக்கும் பட்டனைத்தான் பயன்படுத்துகிறேன். குட்டி ஸ்பீக்கரின் முனையில் மாட்டும் சிலிக்கோன் குடையில் ஓட்டை உள்ள ரகம் வாங்குங்கள், என் குரல் பானையிலிருந்து வெளியே வந்தது அதனால்தான். ஆனால் தாழ்ந்த சுருதிச் சத்தங்களில் மெஷினின் பிடி குறையும், விசிலும் கொஞ்சம் கூடும். அழுக்குத் தடுப்பு வலையை இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்துக் கடைக்கு ஓடுவீர்கள். நான் ஓடினேன்.

இசைக்கு என்று ஒரு புரோகிராம் வைத்திருக்கிறார்கள். கம்ப்ரெஷனை லேசாக்கி, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிடுகிறது. நல்ல எண்ணம். ஆனால் நானே மிக்ஸ் செய்த பழைய பதிவு ஒன்றைக் கேட்டபோது, மெதுவாக எழுந்து உச்சத்துக்குப் போகிற இடத்தில் உச்சம் வரவில்லை, பாதி மலையில் சமவெளி. இரண்டு கம்ப்ரெஸ்ஸரை அடுத்தடுத்துப் போட்டால் அப்படித்தான் ஆகும். ஒன்று அன்றைக்கு நான் ஸ்டுடியோவில் போட்டது, இன்னொன்று இப்போது காதில் போட்டிருப்பது.

மெஷினுக்கு ஐந்துக்கு மூன்றரை. காதுக்குள் குழாய் விட்டு அளந்த அந்தப் பெண்ணுக்கு ஐந்துக்கு ஐந்து. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார், ரிலீஸ் டைமை மாற்றிப் பார்க்கலாமாம். ஃபேடர் தாளையும் கொண்டுவரச் சொன்னார். இந்த முறை வலது காதுக்கும் சேர்த்துப் போட வேண்டும், மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.